மூடி கட்டாத டிரம்

என் பெரியம்மாவைப் பாலாறு கடலில் கலக்கிற பக்கம், அலைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே இருந்தோம். ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கு முன்னால் பெரியப்பா ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைப்பார். மனைப்பட்டா, படிப்புச் சான்றிதழ்கள், பெரியம்மாவின் கல்யாணப் புடவை எல்லாம் அதற்குள் இருக்கும். தண்ணீர் இறங்காமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி மூடியைச் சுற்றி இறுக்கியிருப்பார். தை பிறந்ததும் வந்து எடுத்துப் போவார்.

அப்பாவுக்கு இது வேடிக்கை. "இன்னா சகல, கடல் வூட்டாண்ட வந்துட்சா?" என்பார். பெரியப்பா சிரிக்காமல் பதில் சொல்வார். போன வருஷம் படகு இழுத்து வைத்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறதாம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதாம். அவர் போனதும் அப்பா எங்களிடம், "கடலாண்ட வூட்ட கட்டிக்கினு பயந்தா ஆவுமா?" என்பார்.

நான் நாலாவது படித்த வருஷம் எனக்கு ரப்பர் பந்து செய்கிற ஆசை வந்தது. டிரம்மில் இருந்த டியூபை அவிழ்த்துத் துண்டு துண்டாக வெட்டிவிட்டேன். மூடியைச் சும்மா அழுத்தி வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் மத்தியானம் ஏரிக்கரை உடைந்து, தண்ணீர் எங்கள் வாசலேறி உள்ளே வந்தது. அப்பா நெல் மூட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றினார். எங்கள் வீட்டுக் காகிதங்கள் இருந்த தகரப்பெட்டி முங்கிப்போயிருந்தது. அம்மா டிரம்மைக் காட்டினாள்.

"அது மெதக்கும். அவரு டைட்டா கட்டிகீறாரு" என்றார் அப்பா. அவர் பெரியப்பாவை மெச்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டிரம் சாய்ந்து, மெல்ல உள்ளே தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்.

தண்ணீர் வடிந்த நாலாம் நாள் பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். கையில் இரண்டு சாக்கு மூட்டைகள், அடுப்புகூட இருந்தது. எங்களுக்குச் சமைத்துப்போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பட்டாவைப் பிரித்தால் மை கரைந்து காகிதம் கூழாகியிருந்தது. நான் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பெரியம்மா என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "அளுவாத. அந்த எடமே இப்ப இல்ல. காயிதம் இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா."

அடி விழவில்லை என்கிற நிம்மதியில் எனக்குப் பசியெடுத்தது. சோறு கேட்டு வாங்கிக்கொண்டு அவள் மடியோடு ஒட்டி உட்கார்ந்தேன். "எத்தினி நாள் இருப்ப பெரிம்மா? பொங்கல் வரைக்கும் இரேன்" என்றேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஆசையாகத்தானே கேட்டோம் என்று அன்றைக்கு முழுக்க அவளோடு நான் பேசவில்லை.