உப்புத் தூவிய கை

காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்க ஒரு மண்டோர் இருந்தார். ஒல்லியான மனிதர். பூக்குலையில் எறும்பைக் கண்டால் குனிந்து மெல்ல ஊதிவிடுவார்.

மரம் பூக்கும் சமயத்தில் உரமாகப் பாஸ்பேட்டும் பொட்டாஷ் உப்பும் வெறுங்கையால் தூவுவோம். ஒருநாள் எங்களோடு வேலை செய்த அஞ்சலை, கத்திபட்ட உள்ளங்கையில் துணி சுற்றி வந்தாள்.

“அவுத்துப் போடு. உப்பெல்லாம் துணியில ஒட்டிக்கிட்டா மரத்துக்கு என்னா போகும்?” என்றார் மண்டோர்.

“எரியுதுங்கய்யா.”

“எரியட்டும். பூ கருகுனா நீயா காய்க்கப் போற?”

அவிழ்த்தாள். மத்தியானம் பால் கொடுக்கக் குழந்தையைத் தூக்க முடியவில்லை. நான்தான் அவள் மார்போடு பிடித்துக்கொண்டேன். மண்டோர் அருகில் வந்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் இருந்த மரத்தைப் பார்த்து, “இந்த வாட்டி நல்லாப் பூக்கும்” என்று சிரித்தார்.

அத்தனை அன்பான சிரிப்பை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை.