மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த இலைகள்

காலையில் எதிர்வீட்டு வேலைக்காரி வாசலில் சருகைக் குவித்துத் தீ வைத்தாள். புகை மூக்கில் ஏறியதும் மகள் ஜன்னலைச் சாத்தினாள். நானோ, “ஐயோ, அத்தனையும் போச்சே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போகட்டும். ஒரு காலத்தில் நான் சருகுக்காகப் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டவள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

சித்தூர் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கல்யாணமாகி சத்தியவேட்டிலிருந்து நான் போய் இறங்கிய வாடகை வீட்டுக்குத் தகரக் கூரை. சித்தூர் வெயிலில் தகரக் கூரை என்றால் உள்ளே இருப்பவர்கள் அப்பளந்தான். எங்களைக் காப்பாற்றியது மதிலோரம் நின்ற நாட்டு வாதுமை மரம். மாசியில் அதன் இலைகள் சிவந்து, தட்டுத் தட்டாக விழும். பாதி எங்கள் பக்கம், பாதி பக்கத்து வீட்டு நாயுடுகாருவின் கீரைப் பாத்தியில்.

நாயுடுகாரு தாலூகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அங்கே காட்ட முடியாமல் போன அதிகாரத்தையெல்லாம் தோட்டத்தில் காட்டுவார். முளைத்த கீரையை இலை மூடிவிடுகிறதென்று, பலமனேரிலிருந்த எங்கள் வீட்டின் சொந்தக்காரருக்கு ஆள்மேல் ஆள் அனுப்பி, மரத்தை வெட்டச் சம்மதம் வாங்கிவிட்டார். கோடாலியோடு ஆள் வந்தபோது நான் தனியாக இருந்தேன். மதிலோரம் ஓடினேன்; அந்தப் பக்கம் நாயுடுகாரு நின்றிருந்தார்.

“எலதான நாயுடுகாரு ஒங்களுக்குத் தொந்தரவு? தெனம் நானே வந்து பொறுக்கிக்கினு போறேன். மரத்த வுட்டுடுங்க.”

“எத்தினி நாளு பொறுக்குவ, அம்மாயி?” சின்னப் பெண்ணைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“மரம் இருக்கற வரிக்கும்.”

மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். “சரே, சூஸ்தாம்”, சரி, பார்ப்போம் என்று தெலுங்கில் முனகிவிட்டு ஆளைத் திருப்பி அனுப்பினார்.

வாக்குக் கொடுத்தாயிற்று. கூடை கூடையாகச் சேரும் இலையை எங்கே கொட்டுவது? எரித்தால் புகையும் நாயுடுகாரு வீட்டுக்குத்தான் போகும். தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு, என் கத்திரிச் செடிகளைச் சுற்றியே கொட்டி, பறக்காமலிருக்கச் சாணி கரைத்துத் தெளித்து வைத்தேன். விவசாய ஞானமெல்லாம் ஒன்றுமில்லை.

கோடையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு வற்றி, குடிக்கிற அளவுக்குத்தான் ஊறியது. அவர் தோட்டம் துவண்டது. என் கத்திரி மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது.

மதிலுக்கு மேலே மீசை தெரிந்தது. “திருட்டுத்தனமா தண்ணி சேந்திக்கினு போறியா, அம்மாயி?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்களே வந்து பாருங்க!” என்று அழைத்து, சருகை விலக்கிக் காட்டினேன். மண் கறுத்து, ஈரமாக இருந்தது. மண்புழுக்கள் நெளிந்தன. ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாசியில் கூடையோடு போனால் அவர் தோட்டம் துடைத்தாற்போல் சுத்தம். இலையெல்லாம் எலுமிச்சையடியில்!

“எங்க பக்கம் வுழுந்தது எங்க எல, அம்மாயி.”

“மரம் எங்க பக்கம்ல இருக்குது?”

“காத்து யாருது?” என்றார்.

வெறுங்கூடையோடு திரும்பினேன். ஆனால் ஒரு விடியற்காலை, அவர் நீளமான துரட்டிக் கோலால் எங்கள் பக்கத்துக் கிளையை வளைத்து உலுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். சட்டென்று கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதுவோ அவரைவிட இரண்டு மடங்கு உயரம். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பாதிப் பாதி.

என் வீட்டுக்காரருக்குத் திருப்பதிக்கு மாற்றலானபோது நாயுடுகாரு ஸ்டேஷனுக்கே ஒரு சாக்குமூட்டையைக் கொண்டுவந்தார். எல்லாம் மக்கிய வாதுமை இலை. பாகாலாவில் வண்டி மாறும்போது டிக்கெட் பரிசோதகர் மூட்டையைக் குத்திப் பார்த்து, “ஏமிட்டிதி?” என்றார்.

“எல” என்றேன்.

“எலயா?”

என் வீட்டுக்காரர் எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மூட்டையைப் போட்டு வளர்த்த கொய்யா காய்த்ததும், சித்தூர் போகிறவரிடம் ஒரு கூடை கொடுத்தனுப்பினேன். “பாதிதான வந்துக்குது?” என்று நாயுடுகாருவிடமிருந்து பதில் வந்தது.

அவர் இப்போது இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் சித்தூர் போயிருந்தபோது அந்தத் தெருவைத் தேடிப்பிடித்தேன். வீடு, மதில், மரம் ஒன்றுமில்லை. மண் கண்ணில் படாதபடி சிமெண்ட் போட்டு வரிசையாகக் கடைகள். மரம் நின்ற இடத்தை உத்தேசமாகக் கண்டுபிடித்து நின்றேன். “ஏம் காவாலம்மா?” என்றார் கடைக்காரர். என்ன வேண்டுமென்று சொல்வது? ஒரு சோப்புக்கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.