நெஞ்சோடு தைத்த நாடி

ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது என் தலையைக் குனியவைத்து, நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தடித்த நூல். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் ஒடுங்கிக்கொண்டே போகிற வருத்தம் எனக்கு. ஏன் வருகிறதென்று டொக்டர்மாருக்கே தெரியாதாம். பல வருசம் தொய்வு, ஆஸ்துமா என்று சொல்லி மருந்து இழுத்தேன். பிறகு கண்டுபிடித்து, பலூன் விட்டு விரித்தார்கள். விரிக்க விரிக்கத் திரும்ப ஒடுங்கியது. கடைசியில் ஒடுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மேலேயும் கீழேயும் இழுத்துப் பொருத்தினார்கள். நான் பள்ளிக்கூடம் ஒழுங்காக முடிக்காதவள். டொக்டர் படம் கீறிக் காட்டித்தான் விளங்கியது. தலையை நிமிர்த்தினால் பொருத்து விட்டுப்போகும். அதற்காகத்தான் நூல், ஒரு கிழமைக்கு.

அடுத்த நாள் அப்பா வந்தார். எனக்கு அவருடைய வயிறும் சட்டைப் பொத்தான்களும்தான் தெரிந்தன.

"குமர்ப்பிள்ளை, தலையைக் குனிஞ்சு நட எண்டு எத்தினை வருசமாச் சொன்னனான். கேட்டியோ? இப்ப பார், டொக்டர் தைச்சே விட்டிட்டார்."

பக்கத்துக் கட்டில் ஜெர்மன்காரிக்கும் தன் உடைந்த ஜெர்மனில் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தடை. இருமவும் தடை.

மறுநாள் விடிய அப்பா குளியலறையில் விழுந்து செத்துப்போனார். நெஞ்சடைப்பு. சொல்ல அண்ணா வந்தார். அவருடைய வேலைச் சப்பாத்தைத்தான் முதலில் கண்டேன்.

"அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். உடனேயே, "அழாதை. ஐயோ, அழாதை. தையல் விட்டிடும் எண்டு டொக்டர் சொல்லுறார்" என்றார். சொல்லிச் சொல்லி அவர் அழுதார்.

நான் அழவில்லை. தையலுக்குப் பயந்து என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த நேரத்தில் என் மூச்சு ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. இவ்வளவு காலமும் ஒடுங்கின குழல் வழியாக உறிஞ்சியதுபோல் இழுத்த காற்று, தானாக வந்தது. அப்பா இல்லை என்று அண்ணா சொல்லச் சொல்ல நான் அதைத்தான் கவனித்தேன். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன். நல்லாயிருந்தது.

பின்னேரம் மாமி, "என்ர குஞ்சு!" என்று கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் குழற ஓடிவந்தார். அண்ணா குறுக்கே பாய்ந்தார்.

"மாமி, கழுத்தில தொடாதேங்கோ!"

"அப்ப எங்கையடா பிடிச்சு அழுறது?"

"காலைப் பிடியுங்கோ."

மாமி கட்டிலின் கால்மாட்டில் இருந்து என் காலைப் பிடித்து அழுதார். "பிள்ளை துக்கத்தை எப்பிடி அடக்கிக்கொண்டிருக்குது, பார்." எனக்குக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இங்கே அடக்கத்துக்கு நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அதற்குள் நூலை வெட்டிவிட்டார்கள். இனி அழலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். அளவாக அழலாம் என்றார். வீட்டில் ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பாவின் முகத்தை முழுதாகப் பார்த்தேன். பவுடர் கூடிப்போயிருந்தது. கண்ணீர் வரவில்லை. "அவள் அழக்கூடாது" என்று அண்ணா வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டு நின்றார். நான் கழுத்தைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தேன்.

பிறகு பெட்டிக்குப் பின்னால் சவக்காலை மேட்டில் ஏறினோம். அம்மா பழைய பழக்கத்தில் என் முழங்கையைத் தாங்கினார்.

"ஆறுதலா வா பிள்ளை. நிண்டு மூச்சை எடு."

"எனக்கு ஏலும் அம்மா."

என் குரலில் சந்தோஷம் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். கையை விட்டுவிட்டார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. நிற்க வேண்டும், அவரோடு நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். எங்கள் வீட்டு ஆட்களில் குழியடிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான்.