தோட்டா மிஷினுக்கு ஒரு மாதக் கெடு

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் வலது முழங்கை. அது கீழே இறங்கி மேலே போனது. ஒவ்வொரு முறையும் ஒரு "கிளக்", அதையடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பித்தளை விழும் சின்ன ஓசை. நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில். அதே நீளப் பெஞ்சின் மறுகோடியில் அப்பா கிரைண்டருக்குள் கை கையாக உளுந்தை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சனிக்கிழமை இப்படித்தான் தொடங்கும்.

டெக்சஸில் ஆலன் என்ற ஊர், ஆண்டு தொண்ணூற்றேழு, எனக்குப் பத்து வயது. அந்த ஊரில் ஒருவர் கராஜில் தோட்டா தயாரிப்பது செய்தியே அல்ல; என் வகுப்பில் மூன்று பேர் வீட்டில் அந்த மிஷின் இருந்தது. ஆனால் அதை இயக்குபவர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து, பகலெல்லாம் ஒரு அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கிற ஓர் அம்மா என்பது எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் பெரிய செய்தியாக இருந்தது. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் ரைபிள் சுட்டுப் பரிசு வாங்கிய அம்மா, டெக்சஸ் வந்து ஏழு வருடம் கழித்து, அலுவலகத் தோழி ஒருத்தியோடு துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய்வந்தாள். அதன்பின் மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நடக்கும் காகித இலக்குப் போட்டியை அவள் தவறவிட்டதில்லை.

"ஏனுங் கோமதி, கராஜ் சேலுக்குப் போயிருந்தா நல்ல தையல் மிஷின் கெடைச்சிருக்குமே?" என்று ராஜி ஆன்ட்டி ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"டென்ஷன் சரி பண்றது ரெண்டுலயும் ஒண்ணுதானுங்க. இதுல நூல் அறுந்துபோகாது, அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

மிஷின் அம்மாவுடையது அல்ல. இரண்டு வீடு தள்ளியிருந்த வால்டர் அங்கிள், நாற்பது வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தோள்பட்டை வலியால் அதை இயக்க முடியாமல் அம்மாவிடம் கொடுத்திருந்தார். ஒருமுறை சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை மீண்டும் தோட்டாவாக்குவது அதன் வேலை. வட்டமான தட்டு ஒன்று, அதைச் சுற்றி நிற்கும் சில நிறுத்தங்கள். ஒரு நிறுத்தத்தில் கூடு அளவுக்கு நெருக்கப்பட்டு, பொறி கிளப்பும் புதிய பிரைமர் அடியில் ஏறும்; அடுத்ததில் மேலே உள்ள கண்ணாடிபோன்ற குழாயிலிருந்து அளந்த வெடிமருந்துப் பவுடர் விழும்; அதற்கடுத்ததில் ஈயக் குண்டு உட்காரும்; கடைசியில் வாய் இறுக்கப்படும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிறுத்தங்களிலும் வேலை ஒரே நேரத்தில் நடந்து தட்டு அடுத்த நிறுத்தத்துக்கு நகரும், ஒரு முழுத் தோட்டா வெளியே விழும். வேகம் அதன் பெருமை; ஓரிடத்தைத் திருகினால் இன்னோரிடம் கலைவது அதன் குணம்.

ஏப்ரல் மாதப் போட்டிக்கு அம்மா அந்த மிஷினில் செய்த ஐம்பது தோட்டாக்களோடு போனாள். எட்டாவது முறை சுட்டதும் மைதானப் பொறுப்பாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு வெடி ஒரு மாதிரியும் அடுத்தது கொஞ்சம் கனமாகவும் கேட்கிறது, பவுடர் ஒரே அளவில் விழவில்லை, இந்தப் பெட்டியை மூடிவிடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே வால்டர் அங்கிள் எங்கள் கராஜுக்கு வந்து கெடு வைத்தார். அடுத்த போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவேன். தொடர்ந்து பத்துமுறை பவுடர் எடுத்து நிறுக்க வேண்டும். பத்தும் ஒரே எடையாக இருந்தால் மிஷின் உனக்கு, ஒன்று தப்பினாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன், என் மிஷினால் ஒருவர் கைக்கு ஆபத்து வர விடமாட்டேன் என்றார்.

"விடு புள்ள. கடைல வாங்கி ஷூட் பண்ணிக்கலாம்" என்றார் அப்பா. மிஷின் போனால் அவருக்கு நிம்மதி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கடைத் தோட்டா எனக்குத் தெரியாதாங்க? மூடி வைன்னு சொன்னது என் கை வேலையை" என்றாள் அம்மா.

அந்த மாதம் வாரநாள்களில் அலுவலகத்திலிருந்து வந்து, சமையலை முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் அவள் மிஷினோடு நின்றாள். வெறுந்தட்டில் சரி பார்த்த, குண்டு உட்காரும் உயரம் எல்லா நிறுத்தங்களிலும் கூடு நிரம்பியதும் மாறுகிறது என்று முதல் வாரம் கண்டுபிடித்தாள். அழுத்தத்தில் தட்டு மயிரிழை சாய்வதுதான் காரணம், ஆகவே நிரப்பிவைத்தே ஒவ்வொன்றையும் மறுபடி திருகினாள். இரண்டாம் வாரம் தட்டு நகர்ந்து நிற்கும் இடத்தைச் சரி செய்தாள். ஒரு நாளில் ஒரு திருகாணிக்கு மேல் தொடமாட்டாள். தொட்டதும் நகப்பூச்சால் அதன்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள், அது அசைந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மாதக் கடைசியில் மிஷின் மருதாணி வைத்ததுபோல் இருந்தது.

பவுடர் மட்டும் வசப்படவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மாலைகளில் பத்துக்குப் பத்து ஒரே எடை வரும். சனிக்கிழமை காலை அதே கை, அதே பவுடர், பிரியாத சிவப்புக் கோடுகள். எடை மட்டும் கூடும். காலையின் ஈரக்காற்று என்று ஒரு வாரம் நினைத்தாள். தன் இழுப்பு சீராக இல்லை என்று அடுத்த வாரம் நினைத்து, அணிவகுப்பில் எண்ணுவதுபோல் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி இழுத்தாள். அப்பா ஆரம்பத்திலேயே காரணம் சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமைல தொட்டா எதும் வெளங்காது புள்ள. அதுலயும் அவரு பத்து மணிக்கு வர்றேங்கறாரு, ராகு காலம் வேற."

"ஆலன் ராகு காலமா, பொள்ளாச்சி ராகு காலமா? கேட்டுச் சொல்லுங்க."

நான் தொடக்கத்தில் சொன்ன ஆறு நாற்பது, கெடு முடியும் அந்தச் சனிக்கிழமையின் ஆறு நாற்பது. அம்மா செய்துகொண்டிருந்தது சோதனை ஓட்டம். கராஜில் கதவிடுக்குக் காற்று தராசு முள்ளை ஆட்டும் என்பதால் தராசு சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஒவ்வோர் அளவையும் சின்னத் தட்டில் ஏந்திக்கொண்டு உள்ளே வருவாள், முள் நிற்கும்வரை மூச்சை விடமாட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவாள். எட்டரை மணிக்குள் மூன்று சுற்று முடிந்தது. மூன்றிலும் முள் தராசின் அளவுக் கோட்டுக்கு மேலே ஏறியது.

ஒன்பது பத்துக்கு கிரைண்டர் நின்றது. ஊரிலிருந்து வந்த கிரைண்டர். பெரிய டிரான்ஸ்பார்மரோடு இணைத்தால்தான் இங்கே ஓடும். மாதம் ஒருமுறை கராஜின் மின் இணைப்பையே துண்டித்துவிடும். அப்பா முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே சுவரிலிருந்த பெட்டியைத் தேடிப் போனார். அம்மா கராஜ் கதவைக் கையால் தூக்கி வெளிச்சம் வரவைத்து, பவுடரைக் கொட்டி மறுபடி நிரப்பி, நான்காம் சுற்றை ஆரம்பித்தாள். முதலாவது கோட்டில் நின்றது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் கோட்டில். அப்பா திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார், கிரைண்டர் சுழன்றது. ஆறாவது கோட்டில் நின்றது. ஏழாவது மேலே.

அம்மா தட்டை மேசையிலேயே வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனாள். நான் வாசற்படிவரை போனேன். அவள் மிஷினைத் தொடவில்லை. குனிந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கைப்பிடியை இழுக்காதபோதும் குழாய்க்குள் பவுடரின் மேல்மட்டம் மெல்ல நடுங்கி, இறுகி, கண்ணுக்குத் தெரியத் தெரியக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பெஞ்சுப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். பன்னிரண்டடி நீளம், ஒரே பலகை.

"ஏனுங்க, கிரைண்டரை நிறுத்துங்க."

"எதுக்கு?"

"பவுடரைக் குலுக்கிக் குலுக்கி இறுக்குது. அதனாலதான் சனிக்கிழமையானா எடை ஏறுது. நிறுத்துங்க."

"கடைசி ஈடு உளுந்து பாதில நிக்குது புள்ள. இப்ப ஆஃப் பண்ணுனா பொங்காது. நாளைக்கு சாயந்திரம் பதினாறு பேரு வர்றாங்க."

"பத்து மணிக்கு ஒருத்தர் வர்றாரு."

அப்பா உளுந்தைப் பார்த்தார். பாதி அரைந்து, ஓரங்களில் நுரை கட்டத் தொடங்கிய நல்ல நேரம். அவர் வாயைத் திறக்காமல் இன்னும் அரை மணி அரைத்துக்கொண்டிருந்தால் போதும், அவர் விரும்பாத மிஷின் தானாக வீட்டைவிட்டுப் போய்விடும். சுவிட்சை அணைத்தார்.

"போ. சனி எம்மேலதான் உக்காந்திருக்கு போல" என்றார்.

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வால்டர் அங்கிளின் வண்டி வந்து நின்றது. அதன் பின்பக்கத்தில் கயிறும் போர்வையும் தயாராக இருந்தன. அவர் மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், அம்மா எடுத்துவர எடுத்துவர முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார். ஏழாவதின்போது அப்பாவும் மாவுக் கையோடு வந்து நின்றார். ஒன்பதாவது கோட்டில் நின்றது. பத்தாவதில் முள் நெடுநேரம் மேலும் கீழும் ஆடியது, நின்றபோது கோட்டில் நின்றது. அங்கிள் எழுந்து அம்மாவின் கையைக் குலுக்கிவிட்டு, என்ன கோளாறு என்று கேட்டார். அம்மா கிரைண்டரைக் காட்டினாள். அவர் நம்பவில்லை. அப்பா உற்சாகமாக ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டார். மூன்றாவது எடையிலேயே முள் ஏறியது. அங்கிள் ஓடும் கிரைண்டரை ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கல்லைத் தொட்டுப் பார்த்தார், பிறகுதான் திட்டினார். மோட்டாரும் பவுடரும் ஒரே பெஞ்சிலா, யார் வைத்தது இப்படி என்று கேட்டார். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் காட்டினார்கள். மதியத்துக்குள் தன் கராஜிலிருந்து ஒரு கனத்த இரும்பு மேசையை அப்பாவை ஒரு பக்கம் பிடிக்கவைத்துக் கொண்டுவந்து, எதிர்ச்சுவர் ஓரமாக மிஷினைத் தனியே முடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் போட்டியில் அம்மா ஐம்பதையும் சுட்டாள். பொறுப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அம்மா காரில் வரும்போது எங்களிடம் மூன்று முறை சொன்னாள். மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள்.

"என்னங்க பழனிச்சாமி, இட்லி இன்னைக்குக் கொஞ்சம் வெயிட்டா இருக்குதே" என்றார் ராஜி ஆன்ட்டி.

"பத்துக்குப் பத்து ஒரே எடைங்க. வேணும்னா தராசு இருக்குது, செக் பண்ணிக்குங்க" என்றார் அப்பா.

அந்த வீட்டை விற்றுப் பல வருடங்களாகின்றன. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பருத்தி வயல் இப்போது வரிசை வீடுகள். வால்டர் அங்கிள் இல்லை. மணிக்கட்டு வலி வந்தபின் அம்மா மிஷினைச் சுடும் மைதானத்துக்கு வரும் ஓர் இளைஞனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் முதல் வேலையாக அந்தச் சிவப்புக் கோடுகளைத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் தன் கைக்கு ஏற்பத் திருகிக்கொண்டதாகச் சொன்னான். அப்பா மாவைக் கடையில் வாங்குகிறார், குறை சொல்லிக்கொண்டே. சனிக்கிழமை காலைகளில் அவர்கள் வீடு எட்டு மணிவரை அமைதியாக இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. மாதத்தின் முதல் ஞாயிறு போய்க்கொண்டுதான் இருக்கிறாள், கடையில் வாங்கிய தோட்டாக்களோடு. போன மாதம் பதினான்கு பேர் சுட்டார்கள், அவளுக்கு நான்காவது இடம்.