தையலக்காவின் டேப்

தையலக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மனசு மட்டும் வெல்லக்கட்டி. அடுத்த வீட்டில் அவளுடைய ஒரே அண்ணன். அப்பா விட்டுப்போன மனையை இரண்டாகப் பிரித்து, நடுவில் அண்ணன் சுவர் எழுப்பியிருந்தார்.

ஒருநாள் பின்பக்கம் ஒரு கொட்டகை போடலாமென்று, கழுத்தில் தொங்கிய டேப்பாலேயே மனையை அளந்தாள். பத்திரத்தில் உள்ளதைவிட ஒரு சாண் குறைந்தது. வந்ததே பாருங்கள் ஆத்திரம்!

"கூடப் பொறந்தவளையே ஏமாத்திட்டியேண்ணே!"

"உனக்கென்ன பைத்தியமா? போய் சர்வேயரை வச்சு அளந்து பாரு!"

அன்றோடு பேச்சு நின்றது. அதுவரை அண்ணனுக்குச் சட்டை தைத்தவள் அவள்தான். அவர் கடைச் சட்டைக்கு மாறினார். தோள் தொங்கத் தொங்க அவர் ஆபீஸ் போவதை ஜன்னல் வழியே பார்த்து அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் வீம்பு விடுமா?

மனு போட்டாள், அலைந்தாள், கெஞ்சினாள். கட்டணம், வண்டிச் செலவு, கல் நடும் கூலி என்று, தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கச் சேர்த்ததெல்லாம் கரைந்தது. ஒரு வருஷம் கழித்துத்தான் சர்வேயர் வந்தார். அளந்தார். எல்லை சரியாகச் சுவரிலேயே வந்து நின்றது. பிறகு அவளுடைய டேப்பை வாங்கித் தன் இரும்பு டேப்போடு சேர்த்துப் பிடித்தார்.

"இழுபட்டு நீண்டு கிடக்கும்மா. அதான் எல்லாத்தையும் குறைச்சுக் காட்டுது."

"இதை வச்சுத்தானே ஊருக்கே தைக்கிறேன்! ஒரு சட்டை தப்பினதில்லையே!"

"ஆளையும் துணியையும் ஒரே டேப்பால அளந்தா எப்படித் தப்பும்?"

அக்கா டேப்பைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை.

அன்று மாலையே அவர் வீட்டுப் படியேறினாள். "மன்னிச்சுடுண்ணே" என்றாள்.

"போடி லூசு. முதல்ல எனக்கு ஒரு சட்டை தச்சுக் குடு. இந்தச் சாக்குப்பையைப் போட்டுட்டுப் போனா ஆபீஸே சிரிக்குது."

கழுத்து டேப்பை உருவி அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தாள். அண்ணனின் அளவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்போது மூன்று அங்குலம் குறைந்தது. மறுபடியும் அளந்தாள். அதேதான்.

"டேப்புதான் நீண்டுபோச்சே, அதைப் போய் நம்புறியே!" என்று சிரித்தார் அண்ணன்.

"போன தடவை உன்னை அளந்ததும் இதே டேப்புதாண்ணே," என்றாள் தையலக்கா. டேப்பை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.