அம்மாவின் இடது கண்

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா வரைந்த படங்களில் எப்போதும் சாயங்காலமாகவே இருக்கும். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவை வரைவாள். தாளில் வருவது வெயில் இறங்கிய தெரு. எதிர்வீட்டு வெள்ளைச் சுவர் தேன் நிறத்தில் இருக்கும். பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். படங்களைப் பார்த்தவர்கள், "ஒரு தங்க வெளிச்சம் இருக்கு மேடம்" என்பார்கள். அது அவளுடைய பாணி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோதுதான் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை.

"புரையை எடுத்துட்டு உள்ளயே ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் வெச்சிடுவோம். முதல்ல வலது கண்ணு. கலரெல்லாம் வேற மாதிரி தெரியும், பயந்துக்காதீங்க. ஸ்வல்ப நாள்ல பழகிடும்" என்றார் டாக்டர், எங்கள் ஊரின் கன்னடம் கலந்த தமிழில்.

கட்டுப் பிரித்து வந்த மறுநாள் காலை அம்மா வாசலில் நின்று அழுதாள். புரையின் மஞ்சள் வழியே பார்த்துப் பார்த்து, வானம் அவ்வளவு நீலம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னங்க, ஏன் இப்படி மஞ்சளா இருக்கீங்க?"

அப்பா சிரித்தார். "டாக்டர்தான் சொன்னாரே, கலர் மாறித் தெரியும்னு. சும்னே பயப்படாதே."

"சுவரு வெள்ளையாதானே தெரியுது? உங்க கண்ணு மட்டும் ஏன் மஞ்சளா தெரியணும்?"

நான் அருகில் போய்ப் பார்த்தேன். வேலை முடிந்து நான் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும்; குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சள்தான். பகலில் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அவர் விழியின் வெள்ளை, மஞ்சள் கரைத்த தண்ணீர் போல இருந்தது.

கணையத்தில் கட்டி. ஈரல் வரை பரவிவிட்டது, இனி செய்வதற்கு அதிகமில்லை என்றார்கள்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா அப்பாவை வரைந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வு நாற்காலி, கையில் காபி டம்ளர். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மெச்சிய படம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அதைச் சுவரிலிருந்து கழற்றி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு மற்றதை.

"அப்பவே முகத்துல மஞ்சள் போட்டிருக்கேன் பாரு. இது அவர் மேல இருந்ததா, என் கண்ணுல இருந்ததா?"

அந்தப் படத்தில் நாற்காலியும் மஞ்சள், சுவரும் மஞ்சள்.

படுக்கையில் விழுந்த பிறகு அப்பாவே கேட்டார். "புதுக் கண்ணால என்னை ஒரு தடவை வரையேன்."

வேண்டாம் என்று தட்டிக்கழித்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. வலது கண்ணை மட்டும் திறந்துவைத்து வரைந்தாள். ஜன்னலிலிருந்து வெறும் வெள்ளை வெளிச்சம். கன்னத்தின் குழியில் சாம்பல் நீலம். தோலில் பச்சை ஓடிய மஞ்சள். இரக்கமே இல்லாத படம். அப்பா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

"படம் நல்லாதான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல."

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். தீபாவளிக்கு முன்பே அவர் போய்விட்டார்.

இடது கண்ணையும் செய்துவிடலாம் என்று டாக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம்டி. இந்தக் கண்ணுலதான் அவர் நல்லா இருந்தாரு."

அதற்குப் பிறகு அவள் படங்களில் ஆட்கள் வரவில்லை. நீல நிழலும் வெளுத்த மத்தியான வெயிலும் மூடிய கதவுகளும்தான். யாரும் வாங்கவில்லை, கட்டிலுக்கடியில் சேர்ந்துகொண்டே போயின. சில வருடங்களில் இடது கண்ணின் புரை முற்றி, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டுமே அதில் தெரிந்தது. அப்போதும் அவள் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.