ஜெர்மன் போலீஸ்காரனுக்கு எழுதிய வசனம்

கருத்தரங்கு ஒன்றுக்காக என் கல்விப் பின்னணியை நூறு வார்த்தையில் கேட்டிருந்தார்கள். சென்னையில் ஜெர்மன் இலக்கியம், ஜெர்மனியில் திரைப்பட ஆய்வு என்று தட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. மிச்சத்துக்கு என்ன செய்வதென்று யோசித்தபடி, மனைவி வறுத்து வைத்த வேர்க்கடலையை வாயில் போட்டேன். அதோடு போயிற்று நிம்மதி.

எங்கள் திண்டிவனத்தில் அதற்கு மல்லாட்டை என்று பேர். எண்பதுகளின் நடுவில் நானும் கண்ணப்பனும் ஃபிலிம் சொசைட்டி நடத்தியது ஒரு மல்லாட்டைக் கிடங்கில்தான். ஞாயிறு மதியம் சன்னல்களில் சாக்கை அடைத்துவிட்டால் இருட்டு. தூசு தொண்டையில் ஏறும். நாங்கள் படம் பார்த்ததைவிட இருமியதுதான் அதிகம்.

கண்ணப்பன் வளவனூர்க்காரன். விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். ஜெர்மன் படத்தில் கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க நம் ஆட்களுக்குப் பொறுமை ஏது? அதனால் வசனத்தையெல்லாம் நான் முன்கூட்டியே தமிழில் எழுதிக் கொடுப்பேன். படம் ஓட ஓட, டார்ச் வெளிச்சத்தில் அவன் மைக்கில் பேசுவான். என் குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும்; எனக்கு புரொஜக்டர்தான். பெர்லின் சீமாட்டி ஒருத்தி, "ஏன்யா, சொல்லாம கொள்ளாம எங்க போய்க்கினு இருக்கே?" என்பாள். கிடங்கே அதிரும்.

ஒரு படத்தில் போலீஸ்காரன் தொழிலாளியை விசாரிக்கும் காட்சி. எனக்கு அப்போது மேதாவி என்று நினைப்பு. எங்கள் பக்கத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் எல்லாரிடமும் சொல்லும் வாக்கியத்தை அப்படியே அந்த ஜெர்மன்காரன் வாயில் வைத்தேன். "தம்பி, நீ நல்லவன்னு எனக்குத் தெரியும். உன் முதுகுக்குத் தெரியணுமே."

விசில் பறந்தது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தூசியிலும் இருமவில்லை. மடியில் ஒரு சின்ன நோட்டு.

அடுத்த ஞாயிறு பாதிப் பேர்தான் வந்தார்கள். கிடங்குக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே, "பேஜாரு வேணாம் சார், சாவியைக் குடுத்துடுங்க" என்றார்.

எனக்கு அப்போது ஜெர்மனியில் படிக்க உதவித்தொகை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு மஃப்டியில் வீடு தேடி வந்தவர் யார் என்கிறீர்கள்? கடைசி வரிசையில் நோட்டோடு இருந்த அதே ஆள். அம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்தார்.

"வசனம் எழுதறது நீங்களா, அந்த வாத்தியாரா?"

"வாத்தியாருதான் சார்."

நாக்கு கொஞ்சமும் தயங்கவில்லை.

"எங்களுக்கும் அப்பிடித்தான் தகவல்" என்று எழுதிக்கொண்டு போனார்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. நான் விமானம் ஏறிய பிறகு, கண்ணப்பனை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள், வேலையும் போய்விட்டது என்று அம்மா எழுதினாள். அவனுக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கே உட்கார்ந்து, திரைப்படத்தில் பயம் என்ற தலைப்பில் முந்நூறு பக்கம் எழுதினேன். பட்டமும் கொடுத்தார்கள்.

பல வருடம் கழித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். வளவனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"டேய், அந்த ஆளு உன் வீட்டுக்கு வர்றதுக்கு மொத நாளே எங்கிட்ட வந்தான். நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன். நீ யோக்கியனாட்டம் உண்மையைச் சொல்லி, பாஸ்போர்ட்டைக் கெடுத்துக்குவியோன்னு பயந்துக்கினே இருந்தேன்டா. நல்லவேளை, புரிஞ்சிக்கினு என் பேரையே சொல்லிட்டே."

"ஆமாடா" என்றேன்.

கிடங்கு இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கண்ணப்பன் இறந்து மூன்று வருடமாகிறது. எனக்கு அன்றைக்கு எதுவுமே புரிந்திருக்கவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவன் பேரைச் சொன்னேன். இதை அவனிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.